கதைக் களஞ்சியத்துக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம்

இணையக் கதைக் களஞ்சியம் ஒன்றைப் பற்றி விக்கிப்பீடியாவில் கட்டுரை தொடங்குகிறவர் பெரும்பாலும் அதன் நெடுநாள் வாசகர். அதில் எத்தனை ஆயிரம் கதைகள் இருக்கின்றன, யார் யார் எழுதுகிறார்கள், எந்த ஆண்டு சர்வர் படுத்துப் பழைய கதைகள் காணாமல் போயின என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஆசையாக ஒரு பக்கம் எழுதி ஏற்றுவார். மறுநாள் பார்த்தால் அதன் தலையில் குறிப்பிடத்தக்கமையில் ஐயம் என்று ஒரு வார்ப்புரு ஒட்டியிருக்கும்; சில சமயம் பக்கமே இருக்காது. இவ்வளவு பெரிய தளத்தையா முக்கியமில்லை என்கிறார்கள் என்று அவருக்குக் கோபம் வரும்.

முக்கியமில்லை என்று யாரும் சொல்லவில்லை. குறிப்பிடத்தக்கமை என்று விக்கிப்பீடியர்கள் சொல்வது ஒரு பொருளின் பெருமையையோ பயனையோ அளப்பதில்லை. அந்தப் பொருளோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத, நம்பத்தக்க வெளியீடுகள் அதைப் பற்றி ஓரளவு விரிவாக எழுதியிருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறது. சம்பந்தம் பேசப் போகிறவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டிலேயே விசாரிப்பதில்லை; அக்கம்பக்கத்திலும் வேலை பார்க்கும் இடத்திலும் கேட்கிறார்கள். இங்கேயும் அந்த வழக்கம்தான்.

பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் எது இடம்பெறும் என்பதை ஆசிரியர் குழுவும் துறை அறிஞர்களும் முடிவு செய்தார்கள். விக்கிப்பீடியாவில் அப்படி ஒரு குழு கிடையாது. யாரும் எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்ட பிறகு, எழுதுகிறவரின் பட்டம் பதவியை நம்பி எதையும் ஏற்க முடியாது. அறிஞர் குழு உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பது வெளிச்சான்று. இதைப் புரிந்துகொண்டால் வேலையின் வரிசை தானாக மாறிவிடும்: முதலில் சான்று தேடுவது, பிறகு எழுதுவது. மூன்று நல்ல சான்றாவது கையில் சேரும்வரை கட்டுரையில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். மூன்று என்பது விதி இல்லை. அனுபவப்பட்டவர்கள் வைத்துக்கொண்டிருக்கும் கைக்கணக்கு.

எண்ணிக்கை சான்றாகாது

கதைகளின் எண்ணிக்கை, மாதாந்தர வருகை, முகநூல் பின்தொடர்வோர், கூகுளில் கிடைக்கும் முடிவுகள் எதுவும் குறிப்பிடத்தக்கமைக்குச் சான்று ஆகாது. ஒரு காலத்தில் அலெக்சா தரவரிசையைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் நிறைய இருந்தார்கள். அந்தச் சேவையே 2022 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. அது இருந்த காலத்திலும் அந்த எண் ஒரு கட்டுரையைக் காப்பாற்றப் போதுமானதாக இருந்ததில்லை. எண்ணிக்கையை வைத்துக் கட்டுரை எழுத முடியாது என்பதுதான் காரணம். தளத்தில் ஒரு லட்சம் கதைகள் இருக்கின்றன என்பது ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு என்ன எழுதுவீர்கள்?

வேற்றுமொழி விக்கிப்பீடியாவில் கட்டுரை இருக்கிறது என்பதும் சான்றாகாது. புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் அங்கே எழுதியிருக்கிறார் என்பதும் ஆகாது. எழுத்தாளரின் புகழ் தளத்துக்குச் சொத்துரிமை போல வந்து சேர்வதில்லை. தளத்தின் புகழும் அப்படியே எழுத்தாளருக்குப் போவதில்லை. இதற்கு ஒரு சுவையான உதாரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

ஒரு களஞ்சியத்தை எடுத்து உரசிப் பார்ப்போம்

விதிகளைத் தனியாகப் படித்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். சான்றைக் கையில் எடுக்கும்போதுதான் குழப்பம் தொடங்கும். ஆகவே உண்மையான களஞ்சியம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன், சுருக்கமாக ஏஓ3. நாவல், திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளின் களஞ்சியம். ரசிகர் கதைகளை வைத்துக் காசு பார்க்க ஃபேன்லிப் என்ற வணிகத் தளம் 2007-இல் முயன்றபோது எழுந்த எதிர்ப்பு அதன் தொடக்கம். நமக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று ரசிகர்கள் கூடி ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபார்மேடிவ் வொர்க்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பை அதே ஆண்டு தொடங்கினார்கள். 2009 நவம்பரில் களஞ்சியம் பொதுவில் திறக்கப்பட்டது. விளம்பரம் கிடையாது, நன்கொடையிலும் தன்னார்வலர் உழைப்பிலும் ஓடுகிறது.

ஒவ்வொரு சான்றிடமும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். களஞ்சியத்தோடு தொடர்பில்லாதவர் வெளியிட்டதா? வெளியிட்டவர் சரிபார்த்து வெளியிடும் பழக்கம் உள்ளவரா? களஞ்சியத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறதா? அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் எழுதியவரே ஆராய்ந்து சொல்வதா? ஒரு தாளில் நான்கு பத்திகள் கோடு போட்டு ஒவ்வொரு சான்றுக்கும் நேராக ஆம், இல்லை என்று எழுதுங்கள். நான்கிலும் ஆம் வாங்கியவை மட்டுமே கணக்கில் வரும். ஒன்றில் அரை, இன்னொன்றில் அரை என்று கூட்டி ஒன்றாக்க முடியாது.

முதலில் கையில் அகப்படுவது ஏஓ3-இன் ‘எங்களைப் பற்றி’ பக்கமும் அந்த அமைப்பின் அறிவிப்புகளும். முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். எந்த ஆண்டு தொடங்கியது போன்ற சாதாரணத் தகவலுக்கு இவற்றை மேற்கோள் காட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். அடுத்து ஃபேன்லோர். ரசிகர் வரலாற்றை அத்தனை விரிவாகச் சொல்லும் தளம் வேறில்லை. ஆனால் யாரும் திருத்தக்கூடிய விக்கி அது. நடத்துவதும் அதே அமைப்பு. இரண்டு பக்கமும் அடி.

மூன்றாவதுதான் பலரைத் தடுக்கி விழ வைக்கும். டிரான்ஸ்ஃபார்மேடிவ் வொர்க்ஸ் அண்ட் கல்சர்ஸ் என்ற ஆய்விதழ் 2008 முதல் வருகிறது. துறை அறிஞர்கள் மதிப்பாய்வு செய்து வெளியிடும் முறையான ஆய்விதழ். ரசிகப் புனைவு பற்றிய கட்டுரைகளுக்கு இதை மேற்கோள் காட்டாமல் யாரும் எழுத முடியாது. ஆனால் வெளியிடுவது யார்? ஏஓ3-ஐ நடத்தும் அதே அமைப்பு. ஆய்விதழ் நம்பகமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் களஞ்சியத்தைப் பொறுத்தவரை அது சார்பற்றது இல்லை. நம்பகம் வேறு, சார்பின்மை வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அதே இதழை ஹாரி பாட்டர் ரசிகர்களைப் பற்றிய கட்டுரையில் தாராளமாகப் பயன்படுத்தலாம். சான்று அதேதான், பொருள் மாறினால் மதிப்பும் மாறும்.

நான்காவது, மனித-கணினி ஊடாட்டம் பற்றிய சிஎச்ஐ மாநாட்டில் 2016-இல் கேசி ஃபீஸ்லர், ஷானன் மாரிசன், ஏமி ப்ரக்மன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. பெண்களே பெரும்பான்மையாக இருந்து வடிவமைத்த மென்பொருளில் அவர்களது மதிப்பீடுகள் எப்படி இறங்கின என்று முழுக்க முழுக்க ஏஓ3-ஐ எடுத்து ஆராய்கிறது. போகிற போக்கில் ஒரு வரி சொல்லிப் போவதில்லை; பொருளே களஞ்சியம்தான். மதிப்பாய்வு செய்து வெளியிட்டது வெளி அமைப்பு. இந்தத் துறையில் ஆய்வாளரே ரசிகராகவும் தன்னார்வலராகவும் இருப்பது உண்டு என்பதால், ஆசிரியர் குறிப்பையும் நன்றியுரையையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். அப்படித் தொடர்பு தெரிந்தால் மறைக்காமல் அட்டவணையிலேயே எழுதுங்கள். எதிர்வாதம் செய்கிறவர் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

ஐந்தாவது, வயர்ட் இதழில் மொழியியலாளர் கிரெட்சன் மெக்கல்லக் 2019-இல் எழுதிய கட்டுரை. ஏஓ3-இல் எழுத்தாளர்கள் தங்கள் கதைக்கு இஷ்டப்படி குறிச்சொல் போடலாம். ஒரே ஜோடியை ஒருவர் ஒரு பெயரிலும் மற்றவர் வேறு பெயரிலும் குறிப்பார்கள். தன்னார்வலர்கள் பின்னணியில் இருந்து இவற்றை ஒன்றோடொன்று இணைத்து வைக்கிறார்கள். வாசகர் எந்தப் பெயரில் தேடினாலும் எல்லாக் கதைகளும் வந்துவிடும். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களால் முடியாத ஒழுங்கு இது என்பது அவர் வாதம். வெளியார், சரிபார்க்கும் இதழ், விரிவு, சொந்த ஆராய்ச்சி என நான்கிலும் ஆம். இந்த மாதிரிச் சான்றின் அருமை என்னவென்றால், குறிப்பிடத்தக்கமைக்கும் உதவும், கட்டுரைக்குச் சரக்கும் தரும். குறிச்சொல் முறை பற்றி ஒரு பகுதியே இதை வைத்து எழுதிவிடலாம்.

டைம் இதழின் 2013-ஆம் ஆண்டுச் சிறந்த 50 இணையதளங்கள் பட்டியலில் ஏஓ3 இடம்பெற்றது. பட்டியலில் ஒரு சிறு குறிப்புத்தான். விரிவு என்ற கேள்வியில் தோற்கும். கட்டுரையின் வரவேற்புப் பகுதியில் ஒரு வாக்கியத்துக்கு ஆகும்.

கடைசியாக விருது. 2019 ஆகஸ்டில் டப்ளினில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், தொடர்புடைய சிறந்த படைப்பு என்ற பிரிவில் ஏஓ3-க்கு ஹூகோ விருது கிடைத்தது. நாவலாசிரியர் நவோமி நோவிக் மேடையேறி வாங்கிக்கொண்டார். இணைய உள்ளடக்கத்துக்கான ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டல் இரண்டு வழிகளைச் சொல்கிறது: ஒன்று, வெளியார் எழுதிய பல விரிவான படைப்புகள், மற்றது, பெயர்பெற்ற, சார்பற்ற விருது. ஹூகோவை மாநாட்டு உறுப்பினர்கள் வாக்களித்துத் தருகிறார்கள். 1953 முதல் இருக்கிறது. இதைவிடப் பெயர்பெற்ற விருது அந்தத் துறையில் இல்லை. பணம் கட்டி விண்ணப்பித்தால் எல்லாருக்கும் கேடயம் தரும் ‘விருது’களை இதோடு சேர்க்க வேண்டாம்.

நான் சொன்ன உதாரணம் இங்கேதான் வருகிறது. விருதுக்குப் பிறகு ஏஓ3-இல் கதை எழுதியவர்கள் பலர் நாங்களும் ஹூகோ வென்றவர்கள் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள். சிலர் அதை வைத்துப் பொருள்கள் தயாரித்து விற்கவும் முனைந்தார்கள். விருதின் வணிகச் சின்னத்தைக் காப்பவர்கள் குறுக்கிட்டு, விருது களஞ்சியத்துக்கு மட்டுமே, அதிலுள்ள கதைகளுக்கோ எழுதியவர்களுக்கோ இல்லை என்று விளக்க வேண்டியதாயிற்று. அப்போது களஞ்சியத்தில் சுமார் ஐம்பது லட்சம் படைப்புகள். விருது அத்தனை பேருக்கும் பங்கு போகாதது போலவே குறிப்பிடத்தக்கமையும் பங்கு போகாது.

சம்பவச் செய்திகளையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். 2023 ஜூலையில் ஏஓ3 மீது சேவை மறுப்புத் தாக்குதல் நடந்து தளம் முடங்கியது. தளம் படுத்தது, எழுந்தது என்ற அளவிலான செய்தி ஏராளமாகக் கிடைக்கும், பயன் குறைவு. 2020 பிப்ரவரி இறுதியில் சீனாவில் நடந்தது வேறு ரகம். நடிகர் ஷியாவ் ஜானைப் பாத்திரமாக்கி எழுதிய ஒரு கதையால் கோபமடைந்த அவரது ரசிகர்கள் புகார் மேல் புகார் அனுப்ப, களஞ்சியம் அந்நாட்டில் தடைபட்டது. ரசிகர்களுக்குள் மோதல், தணிக்கை, எழுதுகிறவர்கள் இடம் இழந்தது என்று பல கோணங்களில் எழுதப்பட்டது. அப்படிப்பட்ட கட்டுரைகளில் களஞ்சியமே பேசுபொருள்.

பயன்படுத்துவது வேறு, பேசுவது வேறு

களஞ்சியங்களுக்கு மட்டும் வரும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. எல்லாரும் அவற்றைப் பயன்படுத்துவார்கள். யாரும் அவற்றைப் பற்றி எழுதமாட்டார்கள்.

நமக்கு நன்றாகத் தெரிந்த மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னெடுக்க, 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டுப் புனைகதை வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்து ஏற்றினார்கள். தமிழில் ஆய்வு செய்கிறவர்களில் அதன் பக்கத்தை ஒருமுறையாவது திறக்காதவர் அரிது. ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் அதன் பெயர் வந்துகொண்டே இருக்கும். இவ்வளவு மேற்கோள் இருக்கிறதே என்று அவற்றை அள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஒன்றுகூடத் தேறாது. அந்த ஆய்வாளர் எடுத்தாண்டது சிலப்பதிகாரத்தை. களஞ்சியத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாடத்தைத் திட்டம் எப்படித் தேர்ந்தெடுத்தது, எழுத்துப்பிழைகளை எப்படிக் களைந்தது, திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியேற்றத்திலிருந்து ஒருங்குறிக்கு மாறியபோது என்ன செய்தது என்று வெளியார் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருந்தால், அந்த ஒன்று நூறு துணைநூற்பட்டியலுக்குச் சமம்.

கதைக் களஞ்சியத்துக்கும் இதே கதிதான். நானே கட்டிய மாதிரி வாக்கியங்களை வைத்துச் சொல்கிறேன். ஒரு நூல் மதிப்புரையில், ‘இத்தொகுப்பின் முதல் கதை இன்ன தளத்தில் வெளியானது’ என்று வருகிறது. பூஜ்யம். ஒரு நாளிதழ்க் கட்டுரையில், ‘இன்ன தளம் உள்ளிட்ட பல தளங்கள் இன்று சிறுகதைகளை வெளியிடுகின்றன’ என்று வருகிறது. அதுவும் பூஜ்யம். மூன்றாவது ஒன்று: ‘இன்ன தளத்தில் வரும் கதையை முதலில் இரண்டு வாசகர்கள் படிக்கிறார்கள். எழுதியவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது. நிராகரிக்கப்பட்ட கதைக்கும் குறிப்பு அனுப்புவதால், கிராமப்புற இளைஞர்கள் இதைப் பட்டறை போலப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பழைய இதழ்களிலிருந்து அனுமதி பெறாமல் கதைகளை எடுத்துப் போட்டது விமர்சனத்துக்கு உள்ளானது.’ இது சான்று. குறை சொல்கிறதே என்று தயங்காதீர்கள். திட்டி எழுதிய கட்டுரையும் குறிப்பிடத்தக்கமைக்குச் சான்றுதான்; புகழ்ந்து எழுதிய ஒற்றை வரியைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டலே இந்த வேறுபாட்டுக்கு ஓர் உதாரணம் வைத்திருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தைப் பற்றி ராபர்ட் சோபெல் எழுதிய முழு நூல் விரிவான சான்று. பில் கிளின்டனைப் பற்றிய செய்திக்கட்டுரையில், பள்ளி நாட்களில் அவர் இருந்த ஜாஸ் குழுவின் பெயர் ஒரு வரியில் வந்து போவது அந்தக் குழுவுக்குச் சான்றாகாது. உங்கள் சான்று இந்த இரண்டில் எதன் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

நேர்காணலில் கவனம் வேண்டும். தள நிறுவனர் தன் வாயால் சொல்வது அச்சில் வந்தாலும் அவர் சொன்னதுதான். ஆனால் நிருபர் தானே விசாரித்து எழுதிய முன்னுரைப் பத்திகள் இருந்தால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உத்தமம் என்ற அமைப்பு நடத்தும் தமிழ் இணைய மாநாடுகளின் மலர்களில் களஞ்சியங்கள் பற்றிக் கட்டுரைகள் உண்டு. அவற்றில் பலவற்றை எழுதியவர்கள் அந்தக் களஞ்சியத்தைக் கட்டியவர்களே என்பதை மறக்காதீர்கள்.

எங்கே தேடுவது

கூகுளோடு நிறுத்திவிடுகிறவர்களுக்குப் பாதிச் சான்றுகூடக் கிடைக்காது. சான்று இணையத்தில் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கணையாழியிலோ காலச்சுவட்டிலோ வந்த கட்டுரை ஆங்கில விக்கிப்பீடியாவிலும் செல்லும். இதழ், மாதம், ஆண்டு, பக்க எண், கட்டுரையாளர் பெயர் முழுதாக வேண்டும். முக்கியமான இரண்டு வாக்கியங்களை மேற்கோளோடு சேர்த்து மொழிபெயர்த்துக் கொடுத்தால் தமிழ் தெரியாத திருத்துநர் நம்பி ஏற்பார். சென்னையில் கன்னிமாரா நூலகத்திலும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய இதழ்களைப் புரட்டலாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேட்டில் களஞ்சியத்துக்கு ஓர் இயல் ஒதுக்கியிருந்தால் நல்லது; பட்டியலில் பெயர் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சிறிய களஞ்சியம் என்றால் நேரடியாக அதன் பெயரைத் தேடுவதைவிட, அந்த வகையைப் பற்றிய நூல்களின் பின்னிணைப்பில் உள்ள சொல்லடைவைப் பார்ப்பது மேல். ரசிகர்களும் தன்னார்வலர்களும் கட்டிய இணையக் களஞ்சியங்களைப் பற்றி அபிகெய்ல் டி கோஸ்னிக் எழுதிய ரோக் ஆர்கைவ்ஸ் என்ற நூலை எம்ஐடி பதிப்பகம் 2016-இல் வெளியிட்டது. ஆன் ஜேமிசனின் ஃபிக் 2013-இல் வந்தது. தனிக் கட்டுரை கிடைக்காத தளங்களுக்கு இப்படிப்பட்ட நூல்களில் இரண்டு மூன்று பக்கங்கள் கிடைத்துவிடுவது உண்டு.

கண்ணில் படுவதையெல்லாம் நம்பிவிடவும் கூடாது. ஃபோர்ப்ஸ் தளத்தில் ‘பங்களிப்பாளர்’ என்ற பெயரில் வருபவை ஆசிரியர் குழு பார்க்காமல் வெளியாவதால் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை. இந்திய நாளிதழ்களில் காசு கொடுத்துப் போடும் கட்டுரை செய்தி வேடத்தில் வருவதைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியா தனி எச்சரிக்கையே வைத்திருக்கிறது. நிருபர் பெயர் இல்லாமல், நிறுவனரின் படத்தோடு, குறையே சொல்லாமல் ஒரே மாதிரி வாசகத்தில் மூன்று இதழ்களில் வந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு பொறி: விக்கிப்பீடியா கட்டுரைகளையே அப்படியே அடுக்கி அட்டை போட்டு விற்கும் பதிப்பகங்கள் இருக்கின்றன. அந்தப் புத்தகத்தை மேற்கோள் காட்டினால் விக்கிப்பீடியாவுக்கு விக்கிப்பீடியாவே சாட்சி.

நீங்களே நடத்துகிறவர் என்றால்

எழுதாதீர்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை. தடை ஏதும் இல்லை. ஆனால் தன் தளத்தைப் பற்றித் தானே எழுதுகிறவரின் ஒவ்வொரு வரியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். எழுதியே தீருவேன் என்றால் பயனர் பக்கத்தில் உறவைச் சொல்லிவிட்டு, வரைவாக எழுதி, தொடர்பில்லாத ஒருவர் பார்த்து ஏற்கும்படி சமர்ப்பியுங்கள். ஆங்கிலத்தில் ஆறு மாதம் யாரும் தொடாத வரைவு நீக்கப்படும் என்பதை நினைவில் வையுங்கள். காசு வாங்கி எழுதுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது. கட்டுரை வாங்கித் தருகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் ஆட்களுக்குப் பணம் கட்டாதீர்கள். நீக்கப்பட்டால் அவர்கள் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள்.

நியாயமாகச் செய்யக்கூடியவையும் உண்டு. தளம் எப்போது, யாரால் தொடங்கப்பட்டது, கதைகளை எப்படி ஏற்கிறீர்கள், உரிமை யாருக்கு என்பதை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி வையுங்கள். ஆய்வு மாணவர் தரவு கேட்டால் கொடுங்கள். யாராவது உங்களைப் பற்றி எழுதினால் பக்கத்தைப் படம் எடுத்து, தேதியோடு சேமியுங்கள். கட்டுரை எழுதப்போகிற வெளியாருக்கு அந்தக் கோப்பு பொன்னாக இருக்கும்.

எழுதும்போது

சான்று சேர்ந்த பிறகு கட்டுரை சின்னதாகவே இருக்கட்டும். ‘தமிழ் இலக்கிய உலகில் தனி முத்திரை பதித்த முன்னணித் தளம்’ என்று தொடங்கினால் முதல் வரியிலேயே விளம்பரம் என்று முத்திரை விழும். என்ன தளம், யார், எப்போது, எந்த வகைக் கதை. பிறகு, வெளியார் அதைப் பற்றி என்ன சொன்னார்கள். முதல் பத்திக்குள்ளேயே உங்கள் வலுவான மூன்று சான்றுகளும் வந்துவிட வேண்டும். முப்பது மேற்கோள்களைக் குவிக்கிற கட்டுரையைப் பார்த்தாலே பழைய விக்கிப்பீடியர்களுக்குச் சந்தேகம் வரும். நல்லது மூன்று இருந்தால் மீதி இருபத்தேழு எதற்கு என்று அவர்கள் கேட்பது நியாயம்தான்.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதன் சமூகம் சிறியது. ஆங்கிலத்தில் இருக்கும் ஒவ்வொரு விதியும் இங்கே அப்படியே செல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு மொழியும் தன் வழக்கத்தைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஐயம் இருந்தால் எழுதுவதற்கு முன்பே, ஆலமரத்தடி என்ற அதன் பொது உரையாடல் பக்கத்தில் சான்றுகளை வைத்துக் கேளுங்கள்.

நீக்கச் சொன்னால்

ஆங்கில விக்கிப்பீடியாவில் நீக்கல் உரையாடல் குறைந்தது ஏழு நாள் நடக்கும். வாக்கெடுப்பு மாதிரித் தெரிந்தாலும் தலைகளை எண்ணுவதில்லை. வாதத்தின் வலுவைப் பார்த்தே முடிக்கிறார்கள். ஆகவே தளத்தின் வாசகர்களை வாட்ஸ்அப்பில் திரட்டி வந்து ‘வைத்திருக்கவும்’ என்று இருபது பேரை எழுத வைப்பது தற்கொலைக்குச் சமம். நேற்றுப் பிறந்த பயனர் கணக்குகள் இருபது வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் நடுநிலையாக இருந்தவர்களும் எதிராகத் திரும்புவார்கள். அந்தத் தளத்துக்குக் கட்டுரை இருக்கிறதே, இதற்கு ஏன் கூடாது என்ற கேள்விக்கும் அங்கே மதிப்பில்லை. அதையும் நீக்கலாம் என்று பதில் வரும்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘மூன்று சான்றுகளைக் கீழே தருகிறேன். முதலாவது, இன்ன இதழில் இன்ன மாதம் வந்த ஆறு பக்கக் கட்டுரை. தளத்தின் தேர்வு முறையை ஆராய்கிறது. இரண்டாவது, இன்ன பல்கலைக்கழக ஆய்வேட்டின் நான்காம் இயல். மூன்றாவது, இன்ன நூலில் 112 முதல் 118 வரையிலான பக்கங்கள். எழுதிய மூவருக்கும் தளத்தோடு தொடர்பில்லை. பக்கங்களின் படம் வேண்டுவோர் கேட்கலாம்.’ கோபம், வரலாறு, தமிழ்ப்பற்று எதுவும் வேண்டாம். யாராவது ஒரு சான்றை மறுத்தால் அந்தச் சான்றைப் பற்றி மட்டும் ஒருமுறை பதில் சொல்லுங்கள். ஒவ்வொரு எதிர்க்கருத்துக்குக் கீழேயும் போய் நின்று வாதாடுகிறவரை யாருக்கும் பிடிக்காது.

சான்று போதவில்லை என்று உங்களுக்கே தெரிந்தால் நீக்கலை எதிர்க்காமல் வேறு வழி கேளுங்கள். ரசிகப் புனைவு, மின்னூலகங்கள் போன்ற பெரிய கட்டுரையில் இரண்டு வாக்கியங்களாகச் சேர்த்து, தளத்தின் பெயரிலிருந்து அங்கே வழிமாற்று வைக்கச் சொல்லலாம். பக்கத்தின் வரலாறு அழியாமல் இருக்கும். நாளைக்கு நல்ல சான்று வந்தால் அதிலிருந்தே கட்டுரையை மீட்கலாம். விக்கித்தரவில் ஓர் உருப்படி உருவாக்க இவ்வளவு கடுமையான நிபந்தனை கிடையாது. தொடங்கிய ஆண்டு, மொழி, முகவரி ஆகியவற்றை அங்கே பதியலாம்.

கட்டுரை நிலைத்துவிட்டால் அன்றைக்கே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். மேற்கோள் காட்டிய ஒவ்வொரு இணையப் பக்கத்தையும் வேபேக் மெஷினில் சேமித்து, அந்த முகவரியை மேற்கோளில் சேருங்கள். செய்தித் தளங்கள் முகவரிகளை மாற்றும்போது முதலில் செத்துப்போவது பழைய கட்டுரைகளின் இணைப்புகள்தான். பிறகு, நான்கு கேள்விகள் கேட்டுப் போட்ட அந்த அட்டவணையைக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் ஏற்றுங்கள். ஒருமுறை தப்பிய கட்டுரையை மறுபடி நீக்கலுக்கு முன்மொழியத் தடையில்லை. அப்போது உரையாடலுக்கு வருகிறவர்கள் புதியவர்களாக இருப்பார்கள், முதலில் திறந்து பார்ப்பதும் அந்தப் பக்கத்தைத்தான்.